பழைய ‘கொன்ட்ரா’வை இன்றும் விளையாடுகிறேன்: நிறைகளும் குறைகளும்

கொனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக வெளியிட்டு, 1988 பெப்ரவரியில் வீட்டு ரீவியில் பொருத்தி விளையாடும் நின்டெண்டோ கருவிக்கு மாற்றிக் கொடுத்த ‘கொன்ட்ரா’ என்ற, ஓடிக்கொண்டே சுடும் வீடியோ விளையாட்டை நான் பள்ளிக் காலம் முதல் இன்றுவரை விட்டுவிட்டு விளையாடி வருகிறேன். 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டு, கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணக் கடைகளுக்குத் தாராளமாக வந்த காலத்தில் வீட்டுக்கு வாங்கித் தந்த, பல விளையாட்டுகள் ஒரே கசெற்றில் அடங்கிய நகல் கருவியில்தான் முதலில் விளையாடினேன். இப்போது கொனாமியே 2019இல் வெளியிட்ட ‘கொன்ட்ரா அனிவெர்சரி கலெக்சன்’ என்ற தொகுப்பைக் கணினியில் பாவிக்கிறேன். இரண்டு விதமாகவும் நீண்ட காலம் விளையாடியவன் என்ற வகையில், இதனை இன்று புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும், சிறு வயதில் விளையாடிவிட்டு மீண்டும் தேடுபவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொன்ட்ராவின் பெருமை அதன் கடினத்தில் இல்லை, அதன் நேர்மையில் இருக்கிறது. ஒரேயொரு துப்பாக்கி ரவை பட்டாலும் உயிர் போய்விடும். ஆனால் அந்த ரவை திரையில் மெதுவாகத்தான் வரும், எங்கிருந்து புறப்பட்டது, எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைக் கண் பிடித்துக்கொள்ளப் போதிய நேரம் இருக்கும். செத்த பிறகு எதனால் செத்தேன் என்று கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அதனால்தான் தோற்றவுடன் கோபம் வருவதற்குப் பதிலாக, அடுத்த முறை அந்த இடத்தில் எப்படிப் படுப்பது, எப்போது பாய்வது என்ற எண்ணம் வருகிறது. இந்த விளையாட்டின் குறைகள் என்று நான் கருதுபவை எல்லாம் அந்த நேர்மை கைவிடப்படும் இடங்கள்தான். அவை சில உண்டு, அவற்றில் இரண்டு சாதாரணமானவை அல்ல.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பில், லான்ஸ் என்ற இரண்டு வீரர்கள், ஒருவருக்கு நீல நிறக் காற்சட்டை, மற்றவருக்குச் சிவப்பு. மொத்தம் எட்டுக் கட்டங்கள். காடு, முதலாம் தளம், நீர்வீழ்ச்சி, இரண்டாம் தளம், பனிவெளி, மின்வலு வலயம், வானூர்திக் கொட்டகை, கடைசியில் வேற்றுக்கிரக உயிரிகளின் குகை. கதை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. யப்பானியப் பதிப்பில் இது 2633ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்கு அருகே கலுகா என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நடக்கிறது, அமெரிக்கக் கையேட்டில் அதே கதை நிகழ்காலத்தில் அமேசன் காட்டுக்கு வந்துவிடுகிறது. விளையாடும்போது இரண்டுமே மறந்து போகும். ஆரம்பத்தில் மூன்று உயிர்கள், எல்லாம் முடிந்தால் தொடர்வதற்கு மூன்று வாய்ப்புகள். இடையில் சேமித்து வைக்கும் வசதி அக்காலக் கசெற்றில் இல்லை. நன்கு பழகிய ஒருவர் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இந்தச் சுருக்கத்தை நான் பெரிய நிறையாகவே பார்க்கிறேன், வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முழு விளையாட்டை ஆடி முடிக்கக்கூடிய வாய்ப்பை இன்றைய பெரிய விளையாட்டுகள் தருவதில்லை.

கட்டுப்பாடு இரண்டு பொத்தான்களும் ஒரு திசைச் சிலுவையும் மட்டுமே. ஒரு பொத்தான் பாய்வதற்கு, மற்றது சுடுவதற்கு. பாயும்போது வீரர் உடலைச் சுருட்டிக் குட்டிக்கரணம் அடிப்பார், காற்றில் இருக்கும்போதே திசையை மாற்றித் திரும்பி வரலாம். இந்த ஒன்றை முழுமையாகக் கைவசப்படுத்தினால் பாதி விளையாட்டு முடிந்த மாதிரி. எதிரி இல்லை என்று நினைத்துப் பாய்ந்த மேடையில் ஒருவன் ஓடி வந்தால், நடுவானில் பின்வாங்கிப் பழைய இடத்திலேயே இறங்கலாம். முதற் கட்டத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் கீழ்த்திசையை அழுத்தினால் வீரர் முற்றாக மூழ்கிவிடுவார், அந்நேரம் எந்த ரவையும் அவரைத் தொடாது, ஆனால் அவராலும் சுட முடியாது. பாதுகாப்புக்கு விலையாகத் தாக்கும் வாய்ப்பைக் கேட்கும் இந்தச் சிறிய ஏற்பாட்டை, விளையாட்டு வடிவமைப்பின் நல்ல உதாரணமாக நான் மதிக்கிறேன்.

கட்டுப்பாட்டில் ஒரு நிரந்தரக் குறை உண்டு. நின்ற இடத்தில் நின்றபடி நேராக மேலே சுடலாம், பக்கவாட்டில் சுடலாம், படுத்துச் சுடலாம். ஆனால் சாய்வாகச் சுட வேண்டுமானால் நடந்துகொண்டே ஆக வேண்டும். மேடையின் விளிம்பில் நின்று மேலே சாய்வாக இருக்கும் பீரங்கியை அடிக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் ஓரடி முன்னே போக நேரிடும், அந்த ஓரடியில்தான் பலர் பள்ளத்தில் விழுகிறார்கள். 1992இல் வந்த மூன்றாம் கொன்ட்ராவில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து நின்ற இடத்திலேயே எல்லாத் திசையிலும் சுடும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அதைப் பழகிய பிறகு பழையதற்குத் திரும்பினால் கை கட்டப்பட்டது போல இருக்கும். அதேபோல், படுத்திருக்கும்போது பாயும் பொத்தானை அழுத்தினால் வீரர் எழுந்து பாயமாட்டார், நிற்கும் மேடையை ஊடுருவிக் கீழ்த்தட்டுக்கு இறங்குவார். இறங்குவதற்கு அது தேவையான வசதிதான். ஆனால் அவசரத்தில் படுத்து எழும்ப முயல்பவரை அது கீழே தள்ளிவிடுகிறது.

இனி ஆயுதங்கள். எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். பறந்து வரும் உறைகளையும், திறந்து மூடும் பெட்டிகளையும் சுட்டால் எழுத்துப் பொறித்த சின்னங்கள் விழும். எம் என்றால் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கத் தொடர்ந்து சுடும் துப்பாக்கி. எஃப் சுழன்று சுழன்று செல்லும் நெருப்புப் பந்து. எல் லேசர். ஆர் நம் ரவைகளின் வேகத்தைக் கூட்டும். பி சிறிது நேரம் எதுவும் அண்டாத கவசம். எஸ் என்பது ஒரே அழுத்தலில் ஐந்து ரவைகளை விசிறியாக விரித்து அனுப்பும். பண்ணைக் கடலில் வீச்சுவலை கையை விட்டு விரிவது போல அது திரை முழுவதும் விரியும்.

எஸ் கையில் இருந்தால் குறிபார்க்க வேண்டிய தேவை குறைகிறது. தூரத்தில் விரிந்து கூட்டத்தை வெட்டும், கிட்டப் போய்ச் சுட்டால் ஐந்து ரவைகளும் ஒரே இலக்கில் பாய்ந்து, கட்ட முடிவில் வரும் பெரிய எதிரியான பொஸ்ஸை மிக விரைவில் வீழ்த்தும். அகலமும் பலமும் ஒரே ஆயுதத்தில் கிடைப்பதால் மற்றவை அனைத்தும் மதிப்பிழந்து போகின்றன. எஃப்பை எடுப்பவர் யாரும் விரும்பி எடுப்பதில்லை, தவறுதலாகக் காலில் பட்டுவிட்டதாகவே எங்கள் வீட்டில் அதைக் கருதுவார்கள். எஸ் வைத்திருக்கும்போது வழியில் வேறு சின்னம் விழுந்தால் அதைத் தாண்டிப் பாய்வதே ஒரு தனி ஆபத்தாகிறது. ஒரு விளையாட்டில் பரிசாகக் கொடுக்கப்படும் பொருளைக் கண்டு ஓடி ஒளிய வேண்டியிருப்பது வடிவமைப்பின் குறை என்றே சொல்ல வேண்டும். சிலர் எஸ் இல்லாமல் கொன்ட்ராவே இல்லை என்பார்கள். என் அனுபவம் வேறு. எம்மை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடினால் ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியாகப் பார்த்துச் சுட வேண்டி வருகிறது, அப்போதுதான் கட்டங்கள் எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது. காட்டுக் கட்டத்தில் ஓடி வருபவன், மேலே மறைந்திருந்து சுடுபவன், சுழலும் பீரங்கி ஆகிய மூன்றும் ஒன்றின்பின் ஒன்றாக வரும் ஒழுங்கை எஸ் வைத்திருப்பவர் உணரவே மாட்டார்.

லேசர் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு, அதற்குக் காரணம் நகல் கருவிகளின் கொன்ட்ரோலர்கள். லேசர் ஒரு நீண்ட கதிர். அது முழுதாகச் சென்று சேருமுன் மீண்டும் சுட்டால், முதற் கதிர் அழிந்து புதியது துப்பாக்கியின் முனையிலிருந்து ஆரம்பிக்கும். நம் ஊரில் கிடைத்த கொன்ட்ரோலர்களில் வழக்கமான இரு பொத்தான்களுக்கு மேலே டர்போ என்று இன்னும் இரண்டு பொத்தான்கள் இருந்தன, அழுத்திப் பிடித்தால் தானாகவே விரைவாக அடித்துக்கொண்டிருப்பவை. டர்போவால் சாதாரணத் துப்பாக்கிகூட எம் போலச் செயற்படும், எஸ் அசுர பலம் பெறும். ஆனால் லேசரோடு டர்போவை அழுத்தினால் கதிர் துப்பாக்கி முனையை விட்டு வெளியே வரவே வராது, ஒவ்வொரு அடியும் முந்தியதை அழித்துக்கொண்டேயிருக்கும். வீரர் கையில் ஒரு சிறிய ஒளிக்கோடு துடிப்பது மட்டும் தெரியும், எதிரி சும்மா நடந்து வந்து முட்டிவிடுவான். லேசர் ஒன்றுக்கும் உதவாது என்று எங்கள் தெருவில் எல்லோரும் முடிவு கட்டியதன் பின்னணி இதுதான். நிதானமாக, கதிர் போய்ச் சேர்ந்த பின் அடுத்ததை அழுத்தினால், பொஸ்களுக்கு எதிராக அது நன்றாகவே வேலை செய்கிறது.

உயிர் போனால் ஆயுதமும் போய்விடும் என்ற விதி முதல் நான்கு கட்டங்களில் சரியாகப் பொருந்துகிறது. பனிவெளியிலிருந்து அது கடுமையாகிறது. அங்கே வரும் கவச வாகனம் பல அடிகளைத் தாங்கும். எஸ்ஸோடு வந்தால் அது ஒரு தடையே இல்லை, வெறுந்துப்பாக்கியோடு வந்தால் பின்வாங்கப் பின்வாங்க அது நெருங்கி வரும். ஒருமுறை செத்தவர் பலம் குறைந்து, அதனாலேயே அடுத்தடுத்துச் சாகும் நிலை உருவாகிறது. நன்றாக விளையாடுபவருக்கு எளிதாகவும் தடுமாறுபவருக்கு மேலும் கடினமாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் புதியவர்களுக்கு விளக்கிச் சொல்லாவிட்டால், அவர்கள் பனிவெளியோடு நிறுத்திவிடுவார்கள்.

இருவர் சேர்ந்து விளையாடுவதுதான் கொன்ட்ராவின் உயிர். ஒரே திரையில், ஒரே நேரத்தில், முறை வைத்துக் காத்திருக்காமல் இருவரும் ஆடலாம். முன்பு மச்சானோடு விளையாடினேன், அவர் கனடாவுக்குப் போன பிறகு இப்போது தங்கையின் மகனோடு விளையாடுகிறேன். யார் எஸ்ஸை எடுப்பது, யார் முன்னே போய் உறையைச் சுடுவது, யார் படுத்திருந்து கீழ்வரிசையைக் கவனிப்பது என்ற பேச்சு தானாகவே உருவாகும். நான் அறிந்தவரை அண்ணன் தம்பிமார் ஒற்றுமையாக இருந்து முடிக்க வேண்டிய விளையாட்டுகளில் இதைவிடச் சிறந்தது அந்தக் கருவியில் இல்லை.

ஆனால் நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் இந்த ஒற்றுமைக்கே விளையாட்டு துரோகம் செய்கிறது. அங்கே திரை மேல்நோக்கி நகரும், கீழே தங்கிவிட்டவர் திரையின் அடிவிளிம்பில் பட்டுச் செத்துவிடுவார். ஒரு கணம் முன்பு காலூன்றி நின்ற மேடை அங்கேதான் இருக்கிறது, படத்தில் தெரியவில்லை என்பதற்காக மட்டும் அது பள்ளமாகிவிடுகிறது. மருமகன் முதன்முறை அந்தக் கட்டத்துக்கு வந்தபோது, “மாமா, ஏறாதேங்கோ, நான் கீழை நிக்கிறன்!” என்று கத்தினான். நான் பாய்ந்து முடித்திருந்தேன், அவனது உயிர் போய்விட்டது. எதிரி அவனைச் சுடவில்லை, அவன் பிழையாகப் பாயவுமில்லை, கூட வந்தவர் ஏறியதற்காக அவன் தண்டிக்கப்பட்டான். மேலே உருண்டு விழும் பாறைகளும், பாலத்தில் அங்குமிங்கும் ஓடும் நெருப்பும் நியாயமான தடைகள், பார்த்துக் கணித்துத் தாண்டலாம். திரையின் விளிம்பு அப்படியல்ல. இதற்கு நாங்கள் கண்ட வழி, எப்போதும் திறமை குறைந்தவர் முதலில் ஏற வேண்டும், மற்றவர் அவருக்குக் கீழே ஒரு தட்டு இடைவெளியில் வர வேண்டும் என்பது. முதலில் ஏறுபவருக்கு ஆபத்து அதிகம், ஆனால் அந்த ஆபத்தாவது கண்ணுக்குத் தெரிகிறது.

நேர்மை கைவிடப்படும் இரண்டாவது இடம் திரையின் மினுக்கம். அந்தக் கருவி 256க்கு 240 புள்ளிகள் கொண்ட படத்தில், ஒரு கிடைவரியில் எட்டு நகரும் உருத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது, மொத்தமாக 64தான் எல்லை. ஒரு வீரரே பல துண்டுகளால் ஆனவர். இருவரும் ஒரே உயரத்தில் நின்று எஸ்ஸால் சுட, எதிரே மூன்று பேர் ஓடி வந்தால் அந்த எல்லை தாண்டிவிடும். அப்போது கருவி எல்லாவற்றையும் மாறி மாறிக் காட்டிச் சமாளிக்கிறது, அதனால் உருவங்கள் துடிக்கின்றன. வீரர்கள் துடிப்பது பரவாயில்லை. எதிரியின் ஒரு சிறிய ரவை துடித்தால், அது அந்தக் கணத்தில் இல்லாதது போலவே கண் எடுத்துக்கொள்கிறது. தனியே எம்மோடு விளையாடும்போது இந்தப் பிரச்சினை அபூர்வம். இருவரும் எஸ் வைத்திருக்கும்போது அடிக்கடி வரும். விளையாட்டின் மிகச் சிறந்த ஆயுதமும் மிகச் சிறந்த அம்சமும் சேரும் இடத்தில்தான் அதன் மிகப் பெரிய குறையும் தலைகாட்டுகிறது.

இரண்டு தளக் கட்டங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீரரின் முதுகுப்புறத்திலிருந்து பார்ப்பதாகக் காட்சி மாறும், சுவரில் உள்ள மையத்தை உடைத்தால் அடுத்த அறைக்குப் போகலாம். 1988இல் ஒரு சிறிய கருவியில் ஆழமான அறை போலக் காட்டியது பாராட்டத்தக்கது. ஆனால் ரவை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கணிப்பது இங்கே கடினம், இரண்டாம் தளம் முதலாவதன் நீட்சியாகவே இருக்கிறது. ஆர்கேட் இயந்திரத்தில் இந்த அறைகளுக்கு நேர எல்லை இருந்தது, வீட்டுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டது நல்ல முடிவு. ஆர்கேட்டின் குறுகிய நெடுந்திரையை விட்டு அகலத் திரைக்கு மாற்றியபோது கட்டங்களையும் நீட்டி ஒழுங்குபடுத்தினார்கள். இரண்டையும் விளையாடிப் பார்த்த எனக்கு, படம் அழகாக இருந்தும் ஆர்கேட் பதிப்பு நெருக்கமாகவும் மூச்சுமுட்டுவதாகவும் தோன்றுகிறது. மாற்றிய பதிப்பு மூலத்தை மிஞ்சிய அபூர்வமான சந்தர்ப்பம் இது.

வானூர்திக் கொட்டகையில் கூரையிலிருந்து இறங்கும் கொளுவிகளும் நிலத்திலிருந்து எழும் முள்தடைகளும் முதன்முறை காண்பவருக்கு முன்னறிவிப்பு எதையும் தராதவை. அங்கே மனப்பாடம் தேவைப்படுகிறது. கடைசிக் குகை குறுகியது, ஆனால் இதயம் போலத் துடிக்கும் இறுதி எதிரியின் அமைப்பு இன்றும் மனதில் நிற்கிறது. முடித்த பின் விளையாட்டு மீண்டும் முதற் கட்டத்திலிருந்து தொடங்கும்.

இசை ஹிடெனோரி மேசாவாவும் கியோஹிரோ சாடாவும் அமைத்தது. இரண்டு மெட்டுத் தடங்கள், ஒரு அடித்தடம், இரைச்சலுக்கு ஒன்று, பதிவுசெய்த ஒலிக்கு ஒன்று என ஐந்து தடங்கள் மட்டும் உள்ள ஒலிச் சில்லிலிருந்து காட்டுக் கட்டத்தின் விரைவையும் நீர்வீழ்ச்சியின் உயரத்தையும் வரவழைத்திருக்கிறார்கள். துப்பாக்கி ஒலியும் அதே தடங்களைப் பங்கிட்டுக்கொள்வதால், இடைவிடாது சுடும்போது இசையின் ஓர் இழை அறுந்து அறுந்து வரும். சுடுவதைச் சற்று நிறுத்திக் கேட்டால் முழு மெட்டும் திரும்பி வரும்.

எங்களிடம் விற்கப்பட்ட நகல் கருவிகள் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மில் பெரும்பாலானோருக்குக் கொன்ட்ரா என்றால் அந்தக் கருவியில் கண்ட கொன்ட்ராதான். இலங்கைத் தொலைக்காட்சிகள் பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 படங்கள் காட்டுபவை, அமெரிக்க, யப்பானியக் கருவிகள் நொடிக்கு 60 படங்கள் காட்டுபவை. கொன்ட்ரா ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி என்று நகர்வதால், 50 படங்கள் காட்டும் நகல் கருவியில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் அவ்வாறே இழுபடும். பின்னாளில் கணினியில் விளையாடத் தொடங்கியவர்கள், இது முந்தி இவ்வளவு வேகமாக இருக்கவில்லையே என்று சொல்வது வயதினால் அல்ல. அவர்கள் சிறு வயதில் விளையாடியது உண்மையிலேயே மெதுவானது. எனக்குக் கை பழகிய பாய்ச்சல்கள் எல்லாம் ஒரு கணம் பிந்திப்போயின, அவற்றைத் திருத்திக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தது. இப்போது சரியான வேகமே பிடிக்கிறது. ஆனால் சிறுவருக்குப் பழக்குவதற்கு அந்த மெதுவான ஓட்டம் உதவியாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

அந்தக் கருவிகளின் உடல் நலிவு வேறு. கொன்ட்ரோலரின் வயர் கழுத்தடியில் முறியும், பொத்தானுக்குக் கீழுள்ள கறுப்பு ரப்பர் தேய்ந்து பாய வேண்டிய நேரத்தில் பாயாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடுகளில் அடப்டர் நீண்ட நாள் நிற்பதில்லை. கசெற்றின் செப்புத் தொடுகைகள் உப்புக் காற்றில் களிம்பு பிடித்து, திரை சாம்பல் நிறமாக நின்றுவிடும். எல்லோரும் வாயால் ஊதிச் செருகுவோம். அது ஈரத்தைச் சேர்த்துக் களிம்பைக் கூட்டும் செயல், நின்டெண்டோ நிறுவனமே ஊத வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் அல்ககோலைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால், செத்ததென்று ஒதுக்கிய கசெற்றுகளும் எழும்பும். அத்துடன், பல கசெற்றுகளின் பட்டியலில் கொன்ட்ரா பல பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். ஒன்று நேராகப் பனிவெளியில் தொடங்கும், இன்னொன்று எஸ்ஸோடு தொடங்கும், வேறொன்று 30 உயிர்களோடு தொடங்கும். நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று விற்றவை உண்மையில் ஒருசிலவே.

30 உயிர் என்றதும் அந்தக் குறியீட்டைச் சொல்லாமல் விட முடியாது. தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, தமக்கே அது கடினமாக இருந்ததால் சோதனைக்காக வைத்த குறியீடு இது. 2020இல் அவர் காலமானார். கொன்ட்ரா வழியாகத்தான் அது உலகெங்கும் பரவியது. பழகும் காலத்தில் தாராளமாகப் பாவிக்கலாம், எட்டுக் கட்டங்களையும் கண்ணால் காண அது எளிய வழி. ஆனால் 30 உயிர்களோடு விளையாடுபவர் ரவையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார், இந்த விளையாட்டில் பார்ப்பதுதான் எல்லாமே. முடிக்கத் தெரிந்த பிறகு குறியீட்டை விட்டுவிட்டு மூன்று உயிர்களோடு ஆடுவதையே நான் விரும்புகிறேன்.

போர் கண்ட ஊரில் துப்பாக்கி விளையாட்டு தேவையா என்று கேட்கும் பெற்றோர் உண்டு, அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எங்கள் அம்மா ஆரம்பத்தில் ஒலியைக் குறைக்கச் சொல்வார். படம் என்னவென்று அவர் பார்த்ததில்லை, சத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது. அதனால் இன்றும் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஒலியைத் தணித்தே விளையாடுகிறோம். திரையில் இரத்தமோ காயமோ இல்லை, சுடப்பட்டவர் துள்ளி ஒரு சிறு வெடிப்பாக மறைந்துவிடுவார். இருந்தும் எதிரிகள் மனித உருவில் இருப்பது உண்மை. ஐரோப்பாவில், யேர்மனியின் கட்டுப்பாடுகளைக் கருதி, வீரர்களையும் எதிரிகளையும் இயந்திர மனிதர்களாக மாற்றி ‘புரோபொடெக்டர்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். சிறு பிள்ளைகளோடு விளையாடுபவர்களுக்கு அந்த வடிவம் பொருத்தமாக இருக்கும், விளையாட்டின் ஓட்டத்தில் அதனால் எதுவும் குறைவதில்லை.

இன்று வாங்குவதாக இருந்தால் அனிவெர்சரி கலெக்சனையே பரிந்துரைப்பேன். பழைய விளையாட்டுகளை நுட்பமாக மீட்டுத் தருவதில் பெயர் பெற்ற எம்2 நிறுவனம் இதைச் செய்திருக்கிறது. எந்த இடத்திலும் சேமித்து வைக்கலாம். பனிவெளியில் சிக்கித் தவிப்பவர் கவச வாகனத்துக்கு முன்னால் சேமித்துவிட்டு, வெறுந்துப்பாக்கியோடு அதை வெல்லப் பழகலாம், மூலக் கசெற்றில் கிடைக்காத பயிற்சி அது. யப்பானியப் பதிப்பும் இதில் இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தக் கசெற்றில் கொனாமியின் தனிச் சில்லு ஒன்று இருந்ததால், காட்டின் பனையோலை போன்ற இலைகள் காற்றில் அசைகின்றன, பனிவெளியில் உண்மையாகவே பனி பெய்கிறது, கட்டங்களுக்கிடையே வரைபடமும் தோன்றுகிறது. எங்கள் ஊர்க் கசெற்றுகளில் இவற்றை நான் கண்டதில்லை. முதலில் இந்தப் பதிப்பை விளையாடிவிட்டு அமெரிக்கப் பதிப்புக்குப் போனால் காடு உறைந்து போனதாகத் தோன்றும்.

கணினியில் விளையாடுபவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே கீபோர்ட்டில் இருவர் விளையாட முயல வேண்டாம். மலிவான கீபோர்ட்கள் ஒரே நேரத்தில் சில விசைகளை மட்டுமே உணரும், ஒருவர் ஓடிக்கொண்டு சுடும்போது மற்றவரின் பாய்ச்சல் விழுங்கப்படும். யூஎஸ்பி கொன்ட்ரோலர் இரண்டு வாங்குவதே சரி. பெரிய தட்டையான ரீவியில் இணைத்தால் படத்தைச் சதுரத்துக்கு அண்மித்த பழைய அளவிலேயே வைத்து, ரீவியின் அமைப்பில் கேம் மோட் என்பதைப் போட வேண்டும். படத்தை மெருகூட்டும் வேலைக்காக ரீவி எடுத்துக்கொள்ளும் சிறு தாமதம், ஒரே ரவையில் உயிர் போகும் இந்த விளையாட்டில் நன்றாகவே உறைக்கும். மருமகன் தன் கைகளில் பிழை இருப்பதாகப் பல நாள் நம்பிக்கொண்டிருந்தான். அந்த ஓர் அமைப்பை மாற்றிய அன்று, காட்டுக் கட்டத்தின் சுவர் பொஸ்ஸை ஓர் உயிரும் இழக்காமல் உடைத்தான்.